இடப்பக்கத்துக் காய்கள்

பிப்ரவரி 16, திங்கள்

இந்த டைரி, உரக்கடைக்காரர் பொங்கலுக்கு அப்பாவிடம் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்து விளம்பரம். இன்றைய பக்கத்தில் 'தத்துப்பூச்சியா? தயக்கம் வேண்டாம்!' என்று போட்டிருக்கிறது. எனவே தயங்காமல் ஆரம்பிக்கிறேன்.

பெயர் வெயிலாச்சி. ப்ளஸ் ஒன். ஊர் ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரம். வகுப்பில் எனக்கு 'நாப்பது டிகிரி' என்று பட்டப்பெயர். கணக்கில் நான் வாங்கும் மார்க்கும் அதுதான் என்பதால் மறுத்துப் பேச முடியவில்லை.

இப்போது மதுரையில் இருக்கிறோம். அப்பாவுக்குத் தலையில் கரண்டு வைக்க, அதாவது ரேடியேஷன் கொடுக்க, வந்திருக்கிறோம். எங்கள் ஊரில் கரண்டு போகும். வைப்பதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜ். லாட்ஜின் பெயர் 'சுகம்'. உள்ளே தங்கியிருக்கிற யாருக்கும் அது இல்லை.

அப்பா சோலையப்பன், மாங்காய் வியாபாரி. பிஞ்சு விட்டதும் தோப்பைச் சுற்றி வந்து, இந்த மரத்தில் இத்தனை கூடை இறங்கும் என்று கண்ணாலேயே மதிப்புப் போட்டுக் குத்தகைக்கு எடுப்பார். போன வருஷம் நுரையீரலில் கட்டி வந்தது. ஊசி போட்டு, முடி கொட்டி, முடி முளைத்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்த தை மாசத்தில் கிணற்றடியில் விழுந்தார். ஸ்கேன் எடுத்தால் மூளைக்குள் ஐந்து புள்ளி. "நெஞ்சுல கெடந்த கொட்டய எந்தப் பறவையோ தூக்கிட்டுப் போயி தலையில போட்டுருக்கு" என்றார் அப்பா.

சாயங்காலம் என் வாழ்நாள் சாதனை நடந்தது. அப்பாவின் இலையில் மூன்று வடை. இடப்பக்கம் இருந்ததை நான் எடுத்துத் தின்றேன். கவனிக்கவில்லை. அடுத்து அந்தப் பக்கத்துச் சட்னி, அதற்கடுத்து அரை இட்லி. அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே எடுத்தேன். மாத்திரை வேகத்தில் பசி பசி என்று பறக்கிறவர், "போதும்த்தா" என்று இலையை மூடிவிட்டார். என் கைக்கு அவ்வளவு லாவகம் வந்துவிட்டது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

அம்மாவுக்கு டாக்டர் என்றால் பயம். அதனால் நான்தான் முன்னால் உட்கார்ந்தேன். சின்ன டாக்டருக்கு மீசை இப்போதுதான் பிஞ்சு விட்டிருக்கிறது.

"பெரியவங்க வேற யாரும் வரலையாம்மா?" என்றார்.

"நான் பெரியவளாகி மூணு வருஷம் ஆச்சு சார். சடங்கு ஆல்பம் கொண்டாரவா?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா மட்டும் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் அப்பாவை நர்சம்மா எடை பார்க்கக் கூட்டிப் போனபோது நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். எவ்வளவு காலம்?

அவர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "வயசு பாப்போம். தலைக்குள்ள எத்தன இடம்னு பாப்போம். தலைக்கு வெளிய நோய் அடங்கியிருக்கான்னு பாப்போம். அப்புறம், தன் வேலையத் தானே செஞ்சுக்கிறாரான்னு பாப்போம். இத வச்சு ஒரு கணக்கு. கணக்கு தேறினா பத்து நாள் கரண்டு. தேறலேன்னா அஞ்சு நாள். பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமை பாத்து முடிவு சொல்லுவாங்க."

"காலம் சார்?"

"மாசக்கணக்குலதான்மா பேசணும்."

அம்மா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்துவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள் என்பது என் கணிப்பு.

அப்பா திரும்பி வந்ததும் டாக்டர் அவர் முகத்துக்கு இரண்டு பக்கமும் விரலை ஆட்டி, எந்த விரல் ஆடுகிறது என்று கேட்டார். வலது விரலுக்கெல்லாம் அப்பா டக் டக்கென்று சொன்னார். இடது விரலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வடை விஷயத்தைப் பற்றி இனி எழுத மாட்டேன். பக்கம் வீணாகும்.

வெளியே ஹாலில் எங்களுக்குப் பக்கத்தில் திண்டுக்கல்லிலிருந்து வந்த ரெஜினா டீச்சர். கூட அவர் மகன் அமலன், ப்ளஸ் டூ. தலைக்குக் குட்டை கட்டி, ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் சிரித்தார். டீச்சர் இல்லையா, அந்தத் திமிர் இருக்கத்தான் செய்யும்.

"உங்களுக்கு எத்தன இடம்?" என்றான் அமலன்.

"அஞ்சு. உங்களுக்கு?"

"ஒண்ணே ஒண்ணு. ஆபரேஷன்ல எடுத்தாச்சு. எடுத்த எடத்துக்கு மட்டும் கரண்டு. வருஷக்கணக்குல சொல்லிருக்காங்க."

பஸ் சரியான நேரத்துக்கு வரும் என்பது மாதிரி சொல்லிவிட்டு பிஸ்கட்டைக் கடித்தான். எனக்கு வயிற்றில் அடுப்பு மூட்டிய மாதிரி இருந்தது. ஒரே ஒரு புள்ளி! ஒரு வாக்கியத்துக்குக்கூட ஒரு முற்றுப்புள்ளிதான் கேட்பார்கள், அது போதாதென்று எங்களுக்கு மட்டும் ஏன் ஐந்து?

அவன் டாக்டர் அறைக்குள் போனபோது, பெஞ்சுக்கடியில் விட்டிருந்த அவன் செருப்பில் ஒன்றை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வருஷக்கணக்கு இருக்கிறதே. நிதானமாகத் தேடட்டும்.

பிப்ரவரி 18, புதன்

யோசித்தேன். வயதைக் குறைக்க முடியாது, ஆதாரில் இருக்கிறது. புள்ளியை அழிக்க முடியாது. நுரையீரலோடு பேச முடியாது. நாலாவது கேள்விக்கு மட்டும்தான் கதவு திறந்திருக்கிறது. தன் வேலையைத் தானே செய்கிறாரா?

தோப்பு முதலாளிகள் ஒரு வேலை செய்வார்கள். வியாபாரி மதிப்புப் போட வருவதற்கு முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சி, காய்ந்த கொப்பை எல்லாம் வெட்டி, நன்றாகக் காய்த்த ரோட்டோர மரங்களையே முதலில் சுற்றிக் காட்டுவார்கள். உள்ளே சொத்தை மரமாக இருக்கும். முதல் நாலு மரத்திலேயே வியாபாரியின் மனசில் ஒரு எண் உட்கார்ந்துவிடும். அப்புறம் அது இறங்காது.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வியாபாரி. நான் தோப்பு முதலாளி.

பிப்ரவரி 19, வியாழன்

ஒத்திகை. காலையில் அப்பாவின் தலைக்கு டை அடித்தேன். அம்மா, "கல்யாணத்துக்கா போறாரு?" என்று கேட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பட்டன் இல்லாத, தட்டினால் ஒட்டிக்கொள்ளும் சட்டை ஒன்று கடையில் வாங்கினேன். அப்பாவின் இடது கை பட்டனோடு சண்டை போடுவதை டாக்டர் பார்க்கக் கூடாது.

"இப்ப நான் மரமா, மொதலாளியா?" என்றார் அப்பா.

"நீ மரம். பேசாம நில்லு."

"காய்ச்ச மரமா?"

"குலுங்கக் குலுங்க. வீட்டுல என்ன வேல செய்வீங்கன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"குளிப்பேன், துணி மாத்துவேன், டீக்கடைக்குப் போவேன்."

"யாரு கூட?"

"தனியா."

"வெரிகுட். விரலு ஆட்டுவாங்க. இடது விரலு ஆடுனா நான் இருமுவேன். 'இந்தப் பக்கம்'னு கையக் காட்டிரணும்."

அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். பிஞ்சைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அப்புறம், "சரி மொதலாளி" என்றார்.

பிப்ரவரி 20, வெள்ளி

பெரிய டாக்டர் சௌந்தரவல்லி. நரைத்த கொண்டை, நிதானமான கை. அந்தக் கை எதையும் அவசரப்பட்டுத் தொடாது என்று பார்த்ததும் தெரிந்தது. பயமாக இருந்தது.

வலது விரல் ஆடியது. "இந்தப் பக்கம்." இடது விரல் ஆடியது. இருமினேன். "இந்தப் பக்கம்." மறுபடி இடது. மறுபடி இருமல்.

"பாப்பாவுக்குச் சளியா?" என்றார் டாக்டர்.

"மதுரைத் தூசி மேடம்."

"வீட்டுல என்ன வேலை செய்வீங்க சோலையப்பன்?"

"குளிப்பேன், துணி மாத்துவேன், டீக்கடைக்குத் தனியாப் போவேன், மரம் ஏறுவேன்."

மரம் ஏறுவது ஒத்திகையில் இல்லை. மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். கதவு வரைக்கும் நடக்கச் சொன்னார்கள். வலது தோளை நான் பிடிக்காத மாதிரி பிடித்துக்கொண்டேன். டாக்டர் எழுதினார். பத்து நாள்!

ஹாலுக்கு வந்து முதல் வேலையாக அமலனிடம், "எங்களுக்குப் பத்து" என்றேன்.

"எங்களுக்கு மூணு. மூணே போதும்னுட்டாங்க."

பத்தைவிட மூன்று எப்படிப் பெரிதாகும்? ஆனால் அவன் சொன்ன விதத்தில் ஆகிவிட்டது. அவர்களுக்கு அதிகம் இருந்தாலும் நல்லது, குறைய இருந்தாலும் நல்லது. சிலருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் காய்க்கிறது.

பிப்ரவரி 21, சனி

துரோகம்.

நான் இட்லி வாங்கி வருவதற்குள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பழைய பட்டன் சட்டை. ஓடிப்போய்ப் பார்த்தால் டாக்டர் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

"டாக்டரம்மா, நேத்து நீங்க பாத்தது ரோட்டோர மரம். உள்ள வந்து பாருங்க" என்றார்.

சட்டையின் நாலு பட்டனையும் கழற்றிவிட்டு, போட ஆரம்பித்தார். இடது கை பட்டனைத் தேடிக்கொண்டு சட்டையிலேயே ஊர்ந்தது. பட்டன் அங்கேதான் இருந்தது. கைக்குத் தெரியவில்லை. டாக்டர் உதவிக்கும் வரவில்லை, பார்வையை வேறு பக்கம் திருப்பவும் இல்லை. நான் சன்னலுக்கு வெளியே நின்ற ஆம்புலன்சின் நம்பரை மூன்று தடவை படித்தேன்.

ஒரு பட்டன்கூடப் போடவில்லை. "இதான் தோப்பு" என்றார் அப்பா.

"இருமலக் கேட்டதும் அவரு கண்ணு மேல சந்தேகம் வந்துச்சு. வீட்டு வேல விஷயத்துல அவரு சொன்னத நம்பிட்டேன்" என்றார் டாக்டர், என்னைப் பார்த்து.

"பிள்ளையச் சொல்லாதீக. வெல ஏத்தப் பாத்துச்சு. நீங்க எப்படித்தான் மதிப்புப் போடுவீக? ஒரு தோப்புக்காரனாக் கேக்கேன்."

டாக்டர் நாற்காலியை அப்பாவின் வலப்பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க வயசு, உங்க அஞ்சு புள்ளி, உங்க ஒடம்பு நெலம, இதே மாதிரி நூறு பேரு இருந்தாங்கன்னு வைங்க. சில மாசம் கழிச்சுப் பாதிப் பேரு இருப்பாங்க, பாதிப் பேரு இருக்க மாட்டாங்க. அதுதான் எங்க கணக்கு. நீங்க எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாது."

"அப்ப தோப்புக்குத்தான் மதிப்பு. மரத்துக்கு இல்ல."

"மரத்துக்கு இல்ல."

"எனக்கும் அப்படித்தான். தோப்ப ஒரு கூட முன்னப்பின்ன சொல்லிருவேன். ஒத்த மரம் ஏமாத்திப்புடும்." அப்பாவின் குரலில் சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம். "இப்பப் பிஞ்சு விட்டுருக்கு. காய் பறிக்கிற வரைக்கும் ஓடுமா?"

"பாதிப் பேரு பறிப்பாங்க."

"பத்து நாள் வச்சா?"

"உங்களுக்கு அதனால கூடும்னு நான் நெனைக்கல. அலுப்புதான் கூடும்."

"அப்ப அஞ்சு. மார்ச் எட்டு மேலத்தோப்புக்கு மதிப்புப் போடப் போகணும்."

ஊரில் ஒரு காய்க்கு ஒன்பது பேரிடம் பேரம் பேசுகிற மனுஷன், தன் விஷயத்தில் பாதியைக் கொடு என்று வாங்கிக்கொண்டு வருகிறார். அம்மாவுக்கு ஒரு சக்களத்தி உண்டு, அது நாற்பது மரம் உள்ள அந்த மேலத்தோப்பு என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. எங்களோடு பத்து நாள் இருக்க முடியாது, அதோடு இருக்க வேண்டும்.

மூன்றே போதும் என்ற அடுத்த அறையில் டீச்சர் இப்போது ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்று முழுக்க அப்பாவோடு பேசவில்லை. அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அவருக்கு இடப்பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

கரண்டு ஆரம்பம். முதலில் முகமூடி செய்தார்கள். வெள்ளை பிளாஸ்டிக் வலை. வெந்நீரில் போட்டால் தோசை மாதிரி குழைகிறது. அதை முகத்தில் போட்டு அழுத்தினால் மூக்கும் தாடையும் அப்படியே அச்சாக விழுந்து இறுகிவிடுகிறது. தலை அசையாமல் இருக்க அதைப் போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்களாம். அப்பா வெளியே வந்து, "மாங்கா பறிக்கிற வலைக்குள்ள என்னயவே போட்டுட்டாங்கத்தா" என்றார். நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பரீட்சையில் கேட்டால் பத்து மார்க்குக்கு எழுதுவேன்.

டீச்சருக்கு இன்று இரண்டாவது நாள். யாரும் பிடிக்காமல் தானே நடந்து உள்ளே போனார், தானே நடந்து வெளியே வந்தார். சேலை மடிப்புக்கூடக் கலையவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒண்ணே ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பார்த்தேன். பார்வைக்குப் பல் இருந்திருந்தால் கடித்திருக்கும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீச்சருக்கு வலிப்பு வந்தது. ஜெபமாலை அறுந்து மணியெல்லாம் பெஞ்சுக்கடியில் ஓடியது. அமலன் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "யாராச்சும் வாங்க, யாராச்சும் வாங்க" என்றான். சத்தமே வரவில்லை அவனுக்கு.

ஸ்ட்ரெச்சர் போன பிறகு அம்மா சொன்னாள்: "எவ்வளவு நல்லா இருந்தாக. யாரு கண்ணு பட்டுச்சோ."

நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 25, புதன்

டீச்சர் பிழைத்துக்கொண்டார். மாத்திரையை மாற்றிக் கொடுத்து, லாட்ஜுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு அடுத்த அறைக்கே திரும்பிவிட்டார். நான் கல் உப்பு, ஏழு காய்ந்த மிளகாய், முச்சந்தி மண் எல்லாம் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"உங்கம்மாவுக்குச் சுத்திப் போடணும்" என்றேன்.

"நாங்க ஆர்.சி." என்றான் அமலன்.

"கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. கோயில், சர்ச்சு எல்லாத்துலயும் படும்."

"யாரு கண்ணு?"

"போற கண்ணு, வர்ற கண்ணு. தள்ளு."

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை சுற்றி, துப்பச் சொன்னேன். அழகாகத் துப்பினார். எங்கள் அறையில் அம்மா திருட்டுத்தனமாகக் கஞ்சி வைக்கும் சுருள் அடுப்பைத் தூக்கி வந்து, பழுக்கக் காயவைத்து, மிளகாயைப் போட்டேன்.

கண் பட்டிருந்தால் மிளகாய் நெடியே வராது என்பார்கள். நெடி வராது, நெடி வராது, என் கண்தான், நெடி வரப் போவதே இல்லை என்று நின்றேன்.

வந்தது பாருங்கள் ஒரு நெடி! எனக்கு மூச்சு முட்டியது. அமலன் சன்னலைத் திறக்க ஓடி கட்டிலில் இடித்துக்கொண்டான். பக்கத்து அறையில் அப்பா இருமினார், எதிர் அறையில் யாரோ இருமினார்கள், கொஞ்ச நேரத்தில் முதல் மாடி முழுக்க இருமியது. மேனேஜர் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு, "எவன்டா லாட்ஜத் தாளிக்கிறது?" என்று படியேறி வந்தார். ஆயுசில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருமியதே இல்லை. என் கண் படவில்லை!

இருமலுக்கு நடுவே ஒரு சத்தம். டீச்சர் சிரிக்கிறார். புன்னகை இல்லை, தொண்டை திறந்து கரகரவென்று சிரிப்பு. அமலன் அப்படியே நின்றுவிட்டான்.

மேனேஜர் திட்டி முடித்துப் போனதும் அமலன் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. மிளகாய் என்று வைத்துக்கொள்வோம்.

"ஆபரேஷன் ஆனதுலேருந்து அம்மா வாயிலேருந்து சத்தமே வந்ததில்ல. இன்னிக்குத்தான் கேக்குறேன்."

"பேச மாட்டாங்களா?"

"கட்டி இருந்த எடம் பேச்சுக்கு உள்ள எடம். வருஷக்கணக்குன்னு சொன்னவங்க, பேச்சு வருமான்னு கேட்டா தெரியாதுன்னுட்டாங்க. என் பேரு சொல்லிக் கூப்புட்டு ரெண்டு மாசம் ஆச்சு." சுவரைச் சுரண்டினான். "உங்கப்பா தெனமும் உன்னயத் திட்டுறாரு இல்ல? கழுத, கோட்டான், வாயாடின்னு. நான் செவுத்துல காத வச்சுக் கேப்பேன். செம பொறாமையா இருக்கும்."

எங்களைப் பார்த்தா? மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. எந்தப் பக்கம் லாபம் என்று தெரியாததால் கேட்கவில்லை.

"உன் செருப்பு தண்ணித்தொட்டிக்குப் பின்னால இருக்கு" என்றேன்.

"அன்னிக்கே எடுத்துட்டேன்."

பிப்ரவரி 27, வெள்ளி

ஐந்தும் முடிந்தது. முகமூடியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று அப்பா கேட்டார். குப்பைக்குத்தான் போகும், எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார்கள். "தோப்புல கட்டலாம். எந்த வௌவாலுக்கும் என் மொகம் தெரியும்" என்றார்.

கிளம்பும்போது டீச்சர் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வந்த மாதிரியே அம்மா தலையாட்டினாள். அமலன் பஸ்ஸுக்கு வெளியே நின்று, போலியாக இருமிக் காட்டினான்.

பொறாமை போய்விட்டதா என்று சோதித்துப் பார்த்தேன். வருஷக்கணக்கு என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அடுப்பு இன்னும் எரிகிறது. சிம்மில்.

மார்ச் 3, செவ்வாய்

பரீட்சைக்குப் படிப்பதாக உட்கார்ந்திருக்கிறேன். அப்பா காலையிலிருந்து தூங்குகிறார். நாலைந்து நாளாக என்னைத் திட்டவே இல்லை. வேண்டுமென்றே அவர் டம்ளரைக் கீழே போட்டேன். எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐந்து நாளுக்கே இந்த அலுப்பு. பத்து நாள் வைத்திருந்தால் என்று யோசித்துவிட்டு, மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

தலையணையில் முடி. டை அடித்த முடி. நான் அடித்தது.

மார்ச் 8, ஞாயிறு

அப்பா விடியும் முன்னாலேயே எழுந்து, "ஏ கோட்டான், எந்திரி. தோப்புக்குப் போகணும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவர் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டேன். நாலு பட்டன், சரியான ஓட்டையில்.

அம்மா ஆட்டோவிலேயே இருந்துகொண்டாள். மேலத்தோப்பில் தோப்பு முதலாளியும், இன்னொரு வியாபாரி தவசிலிங்கமும் காத்திருந்தார்கள். தவசி அப்பாவுக்குப் பல வருஷத்துப் போட்டி. இந்தத் தோப்பில் ஒரு வழக்கம்: மதிப்புப் போடுகிறவர்கள் எல்லாரும் ஒன்றாக மரத்தடியில் நிற்க வேண்டும், ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் சொல்வது சரியாக வரும் என்று முதலாளி நம்புகிறாரோ அவருக்குத் தோப்பு.

முதல் மரம் சப்பட்டை ரகம். மலைப்பக்கத்துக் கொப்பெல்லாம் பிஞ்சு கொத்துக் கொத்தாக. அப்பா தடியை ஊன்றி அண்ணாந்து பார்த்தார்.

"நாலு கூட" என்றார்.

வலது பாதியில் நாலு கூடைதான் இருந்தது. சரியாகத்தான் சொன்னார். இடது பாதி, மலைப்பக்கம், காய் அதிகமாகத் தொங்குகிற பாதி, அவருக்கு இல்லவே இல்லை.

"என்னண்ணே, கண்ணுல தூசி கீசி விழுந்துருச்சா?" என்றார் தவசி. முதலாளி தரையைப் பார்த்தார். இரக்கப்படுகிறவர்கள் தரையைத்தான் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு அது புரிந்துவிட்டது. என்ன தப்பு என்று மட்டும் புரியவில்லை. மறுபடி அண்ணாந்தார். மறுபடி அதே பாதி.

அப்பாவின் இடப்பக்கம் போய் நின்றேன். இந்தத் தோப்புக்கு நான் தொட்டில் பிள்ளையாக வந்தவள். மலைப்பக்கத்துக் கொப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ஐந்து கூடை.

இருமினேன். ஐந்து தடவை.

அப்பாவின் கழுத்து லேசாக என் பக்கம் திரும்பியது. உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது.

"இருங்க, நான் முடிக்கல" என்றார் முதலாளியிடம். "இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் அஞ்சு. ஆக ஒம்போது."

முதலாளி நிமிர்ந்தார். இரண்டாவது மரத்துக்கு மூன்று இருமல். மூன்றாவது மரத்தில் இடப்பக்கம் ஒன்றுமே இல்லை, வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் நாங்கள் நிற்கவே இல்லை. அவர் தன் பாதியைப் பார்ப்பார், நான் என் பாதியை இருமுவேன், அவர் கூட்டிச் சொல்வார். ஒரு கிளிமூக்கு மரத்தடியில் ஆறு தடவை இருமியதும் அப்பா குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"கடேசி இருமலு காயா, சளியா?"

உற்றுப் பார்த்தேன். இலை மறைவில் இரண்டு கொத்து கருகியிருந்தது. "சளி" என்றேன்.

"அப்ப அஞ்சு."

நாற்பது மரமும் முடிந்தபோது அப்பாவின் சட்டை நனைந்திருந்தது. முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தோப்பு சோலையப்பனுக்கு" என்றார்.

தவசி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது என்ன ஞாயம்? ரெண்டு பேரு சேந்து ஒரு மதிப்பு போட்டா நான் என்ன செய்ய? எனக்கும்தான் மகன்னு ஒருத்தன் இருக்கான். செல்போன விட்டு மொகத்தத் தூக்கிப் பாக்க மாட்டான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வாரம் லாட்ஜ் கண்ணாடியில் தினமும் பார்த்த முகம். எங்களைப் பார்த்தும் ஒருவருக்கு வயிறு எரிகிறது! இன்னொரு தடவை திரும்பித் தவசியைப் பார்த்துக்கொண்டேன். பாயசம் மாதிரி இருந்தது.

எல்லாரும் போன பிறகு அப்பாவை முதல் மரத்தடியில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். கேட்க வேண்டாம் என்று நினைத்தேன், கேட்டுவிட்டேன்.

"ஏப்பா, காய் பறிக்க நீ வருவியா?"

"பாதிப் பேரு வருவாங்கன்னு டாக்டரம்மா சொன்னாகள்ல."

"நீ எந்தப் பாதி?"

அப்பா மேலே பார்த்தார். அவருக்குத் தெரிந்த பாதியைப் பார்த்தார்.

"ஒத்த மரம் ஏமாத்தும்த்தா" என்றார். அப்புறம், "பறிக்கிறப்ப ஏணிய அந்தப் பக்கம் போடு. கனம் அங்கதான இருக்கு?" என்றார்.

அம்மா ஆட்டோவிலிருந்து பையை எடுத்து வந்தாள். முகமூடி. கூடவே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வைத்திருந்தாள். "தவசி பாத்த பார்வைக்கு இன்னிக்கே கட்டணும்" என்றாள்.

முதல் மரத்தின் தாழ்ந்த கொப்பில் ஏறினேன். அப்பாவின் மூக்கு, அப்பாவின் தாடை, வெள்ளையாக, உள்ளே ஆள் இல்லாமல். காற்று அதற்குள் புகுந்து போனது. கீழே நிஜ அப்பா, "இங்கிட்டுப் பாக்கக் கட்டு, வழி இங்கிட்டுத்தான்" என்று வலது கையை நீட்டிக் கத்தினார். "கழுத, சொல்றது கேக்குதா?"

கேட்டது. நான் அதை மலைப்பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டினேன். அந்தப் பாதியை அது பார்த்துக்கொள்ளட்டும்.